நேர்ச் சாலையிலும் இடப்பக்கம் இழுக்கும் கார்: அலைன்மென்ட் சரி என்கிறார்கள், பிறகு என்ன?

#1 மெதுஓட்டி

வணக்கம் நண்பர்களே. என்னுடையது முன்சக்கர இயக்கம் உள்ள ஹேட்ச்பேக். நேரான சாலையில் ஸ்டீயரிங் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினாலே வண்டி இடப்பக்கம் சாய்ந்து போகிறது. மெதுவாகப் போகும்போது அவ்வளவாகத் தெரிவதில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் நன்றாகவே தெரிகிறது. நெடுந்தூரம் போனால் வலப்பக்கம் பிடித்துப் பிடித்துத் தோள் கடுக்கிறது.

வீல் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணங்களைச் சரிபார்ப்பது) பார்த்தாகிவிட்டது. திரையில் எல்லா எண்ணும் பச்சை. "வண்டியில ஒண்ணும் இல்ல சார், ரோடு அப்படி" என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பப் போய்க் கேட்டதும் முகம் சுளிக்காமல் மறுபடி செய்து தந்தார்கள். மறுபடியும் பச்சை, மறுபடியும் இழுப்பு. இனி எங்கிருந்து தொடங்குவது?

#2 நாலுசக்கரம்

வேற இடத்துல அலைன்மென்ட் பாருங்க பாஸ். மிஷினைச் சரிபார்க்காமலே வருஷக்கணக்கா ஓட்டுற கடை எத்தனையோ இருக்கு. வண்டி ஒரு பக்கம் இழுத்தா அலைன்மென்ட்தான், வேற என்ன இருக்கப் போகுது?

#3 கிரீஸ்கை

வேற நெறைய இருக்கு. மெதுஓட்டி சார், எந்தக் கடைக்கும் போகிறதுக்கு முன்னாடி இதுக்கெல்லாம் பதில் சொல்லுங்க.

எப்போ இழுக்குது? சும்மா ஒரே வேகத்துல போகும்போதா, பிரேக் மிதிக்கும்போது மட்டுமா, ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டுமா? மூணும் மூணு வேற வியாதி. வண்டி நேரா போகும்போது ஸ்டீயரிங் நடுவுல நிக்குதா, கோணலா நிக்குதா? டயர் எப்போ மாத்தினது? ஏதாவது பள்ளத்துல விழுந்ததா, நடைபாதை விளிம்புல ஏறினதா? இழுப்பு திடீர்னு வந்ததா, கொஞ்சங்கொஞ்சமா வந்ததா?

பாதி வண்டிக்கு இந்தப் பதில்லயே கோளாறு எங்கேன்னு தெரிஞ்சிடும்.

#4 மெதுஓட்டி

நன்றி கிரீஸ்கை. ஒரே சீராகப் போகும்போதுதான் இழுக்கிறது. பிரேக் மிதித்தால் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆக்ஸிலரேட்டருக்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை. நேராகப் போகவைத்தால் ஸ்டீயரிங் வலப்பக்கம் மிக லேசாகத் திரும்பியிருக்கிறது. அது கோணலா, இழுப்பை எதிர்த்து நான் பிடிப்பதாலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

முன்டயர் இரண்டும் சில மாதங்களுக்கு முன்பு புதிதாகப் போட்டவை. அதன் பிறகு லேசான இழுப்பு இருந்தது, பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு மழைநீர் மூடிய ஒரு பள்ளத்தில் முன் இடதுசக்கரம் பலமாக இறங்கியது. அதற்குப் பிறகுதான் பொறுக்க முடியாத அளவுக்குப் போயிற்று.

#5 கட்டைவண்டி

முதலில் சாலையைக் கழித்துவிடுங்கள் தம்பி. மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடுவை உயர்த்தி, இரு ஓரங்களையும் தாழ்த்தித்தான் போடுவார்கள். சரிவு சுமார் 2 விழுக்காடு இருக்கும், அதாவது ஒரு மீட்டர் அகலத்துக்கு 2 சென்டிமீட்டர் இறக்கம். கண்ணுக்குத் தெரியாது, வண்டிக்குத் தெரியும். இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் வண்டி மெல்ல இடப்பக்கம் ஒதுங்குவதும், வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் வலப்பக்கம் ஒதுங்குவதும் இயல்பு. கடைக்காரர் சொன்னதில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு.

சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஆளரவம் இல்லாத, தளம் போட்ட அகலமான இடம் ஒன்றைப் பாருங்கள். ஒரே கோட்டில் போய், அதே கோட்டில் திரும்பி வாருங்கள். போகும்போது இடப்பக்கமும் வரும்போது வலப்பக்கமும் ஒதுங்கினால் சரிவு தரையில் இருக்கிறது. இரண்டு முறையும் ஒரே பக்கம் என்றால் வண்டியில் இருக்கிறது. காற்று பலமாக வீசும் நாளில் இதைச் செய்யாதீர்கள். பக்கவாட்டுக் காற்றும் இதே வேலையைச் செய்யும்.

#6 பின்சீட்

அந்தச் சோதனைக்கு ஸ்டீயரிங்கை முழுசா விட்டுடணுமா? எங்க மாமா நெடுஞ்சாலையில ரெண்டு கையையும் தூக்கிக் காட்டுவார். "பாரு, நேரா போகுது"ம்பார். நான் பின்னாடி உட்கார்ந்து சாமியைக் கும்பிட்டுக்கிட்டு இருப்பேன்.

#7 நெறியாளர்

வேண்டாம். போக்குவரத்து உள்ள சாலையில் யாரும் கையை விட்டுச் சோதிக்க வேண்டாம். விரல்கள் வளையத்தைத் தொட்டபடியே பிடியை மட்டும் தளர்த்தினால் இழுப்பு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். பின்சீட், மாமாவிடமும் சொல்லிவையுங்கள்.

#8 மெதுஓட்டி

கட்டைவண்டி ஐயா சொன்னபடி ஒரு காலித் தளத்தில் பார்த்தேன். போகும்போதும் இடது, வரும்போதும் இடது. ஆக வண்டிதான்.

#9 கிரீஸ்கை

சரி, காத்துல இருந்து தொடங்குவோம். வண்டி மூணு மணி நேரமாவது நின்ன பிறகு, டயர் சூடேறாத நேரத்துல நாலு டயரையும் அளந்து பாருங்க. எவ்வளவு வைக்கணும்ங்கிறது ஓட்டுநர் பக்கக் கதவுத் தூண்லயோ பெட்ரோல் மூடிக்கு உள்பக்கமோ ஒட்டியிருக்கும். டயர் சுவர்ல அச்சடிச்சிருக்கிறது அந்த டயர் தாங்குற உச்ச அளவு, அதை நிரப்பக் கூடாது. முன்சக்கரம் ரெண்டுல எதுல காத்து கம்மியோ அந்தப் பக்கம்தான் வண்டி இழுக்கும். நாலஞ்சு பி.எஸ்.ஐ. வித்தியாசமே போதும். பெட்ரோல் பங்க் மீட்டரை மட்டும் நம்பாதீங்க, சொந்தமா ஒரு கேஜ் வச்சுக்கோங்க.

அடுத்தது பிரேக். ஒரு பக்கக் காலிப்பர், அதாவது பிரேக் பேடை டிஸ்க் மேல அழுத்துற பாகம், பிடிச்ச பிடியை விடாம டிஸ்க்கை உரசிக்கிட்டே இருந்தா, சும்மா போகும்போதே அந்தப் பக்கம் இழுக்கும். காலிப்பர் நகர்ற பின்ல கிரீஸ் காய்ஞ்சு துரு ஏறியிருக்கும், இல்லேன்னா பிஸ்டன் சிக்கியிருக்கும். கண்டுபிடிக்கிறது சுலபம். முடிஞ்ச வரைக்கும் பிரேக் தொடாம கொஞ்ச தூரம் ஓட்டி, தானா வேகம் குறைஞ்சு நிக்க விடுங்க. இறங்கி முன்சக்கரம் ரெண்டு பக்கமும் உள்ளங்கையைக் கிட்டே கொண்டுபோங்க, தொடாதீங்க, சுட்டுடும். ஒரு பக்கம் மட்டும் அனல் அடிச்சா ஆளைப் பிடிச்சாச்சு. அகச்சிவப்பு வெப்பமானி இருந்தா இன்னும் நல்லது. அப்புறம் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்ட் வச்சு, சக்கரத்தைக் கையால சுத்திப் பாருங்க. முன்சக்கர இயக்க வண்டின்னா கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்துட்டுச் சுத்துங்க, இல்லேன்னா சும்மாவே இறுக்கமா தெரியும்.

#10 இரவுப்பயணி

என் வண்டி பிரேக் போட்டால் மட்டும் இடப்பக்கம் பாயும். இடப்பக்கக் காலிப்பரைப் பிரித்துச் சுத்தம் செய்தார்கள், பேட் மாற்றினார்கள், ஒரு மாற்றமும் இல்லை. கடைசியில் கோளாறு வலப்பக்கம் இருந்தது. வலது பிஸ்டன் சிக்கிக்கொண்டு சரியாக அழுத்தாததால், ஒழுங்காகப் பிடித்த இடதுசக்கரம் வண்டியைத் தன் பக்கம் இழுத்திருக்கிறது.

#11 கிரீஸ்கை

இதைத்தான் கடையில பல பேர் கோட்டை விடுறாங்க. ஓடும்போது இழுத்தா, இழுக்கிற பக்கச் சக்கரத்துல உரசலைத் தேடணும். பிரேக் போடும்போது இழுத்தா, எதிர்ப்பக்கச் சக்கரத்துல பிடிப்பு குறைஞ்சிருக்கான்னு தேடணும்.

பிரேக் ரப்பர் ஹோஸையும் மறக்காதீங்க. பழசாச்சுன்னா வெளியில பளபளன்னு இருக்கும், உள்பக்கம் உப்பி வழியை அடைச்சிருக்கும். மிதிச்ச அழுத்தத்துல எண்ணெய் உள்ளே போயிடும், காலை எடுத்தா திரும்பி வராது. காலிப்பரை மாத்திட்டு "இன்னும் ஜாம் ஆகுது"ன்னு தலையைப் பிச்சுக்கிறவங்க ஹோஸைப் பாருங்க. சக்கரத்தை அடியில பிடிச்சிருக்கிற லோயர் ஆர்மோட ரப்பர் மூட்டு, அதாவது புஷ், தேய்ஞ்சிருந்தாலும் பிரேக் போடும்போது அந்தச் சக்கரம் பின்னாடி நகர்ந்து வண்டி ஒரு பக்கம் போகும்.

#12 நாலுசக்கரம்

பிரேக், காத்து எல்லாம் சரி. ஆனா அலைன்மென்ட்ல டோ தப்பா இருந்தா இழுக்கும்கிறது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். அதை ஏன் யாரும் சொல்ல மாட்டேங்கிறீங்க?

#13 அச்சாணி

அலைன்மென்ட் மிஷினோடு பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முன்சக்கர டோ வண்டியை இழுக்காது.

டோ என்பது மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்விளிம்பு உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு. இடதில் அதிகம், வலதில் குறைவு என்றாலும் ஓடத் தொடங்கியதும் இரண்டு சக்கரமும் தங்களுக்குள் சமமாகப் பகிர்ந்துகொள்ளும். வண்டி நேராகவே போகும், ஸ்டீயரிங் வளையம் மட்டும் கோணலாக நிற்கும். டயர் ரம்பப் பல் போலத் தேயும், தடவிப் பார்த்தால் ஒரு திசையில் வழுக்கும், எதிர்த்திசையில் கையைக் கீறும். பின்சக்கர டோ சமமில்லை என்றால் கதை வேறு. பின்னச்சு ஒரு பக்கம் தள்ள, வண்டி நண்டு மாதிரி ஒருக்களித்து ஓடும். அப்போதும் முதலில் கண்ணில் படுவது கோணல் ஸ்டீயரிங்தான்.

இழுப்பைத் தருபவை கேம்பரும் காஸ்டரும். முன்னிருந்து பார்த்தால் சக்கரத்தின் தலை வெளிப்பக்கமோ உள்பக்கமோ சாய்ந்திருப்பது கேம்பர். எந்தச் சக்கரத்தின் தலை அதிகம் வெளியே சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் வண்டி போகும். பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டீயரிங் திரும்பும் அச்சு மேலே பின்னோக்கிச் சாய்ந்திருப்பது காஸ்டர். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங்கை நடுவுக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் அதன் வேலை. எந்தப் பக்கம் காஸ்டர் குறைவோ அந்தப் பக்கம் இழுக்கும்.

மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தாங்குதூண்) உள்ள சிறிய கார்கள் பலவற்றில் கேம்பரையும் காஸ்டரையும் திருப்பி வைக்க வழியே கிடையாது. டோ மட்டும்தான் சரிசெய்ய முடியும். அதனால் பல கடைகளில் "அலைன்மென்ட்" என்றால் டோவைப் பச்சைக்குக் கொண்டுவந்து ஸ்டீயரிங்கை நேராக்குவதோடு முடிந்துவிடும். மெதுஓட்டி, அச்சிட்ட தாள் இருந்தால் அதில் உள்ள எண்களைப் போடுங்கள். நிறம் வேண்டாம், எண்கள் வேண்டும்.

#14 மெதுஓட்டி

முன்டயர் இரண்டும் 32 பி.எஸ்.ஐ., சொந்தக் கேஜில் அளந்தது, கதவுத் தூணில் சொன்ன அளவும் அதுவே. பிரேக் தொடாமல் ஓட்டி நிறுத்திப் பார்த்ததில் இரு பக்கமும் ஒரே சூடு. தூக்கிச் சுற்றியபோதும் இரண்டும் ஒன்றுபோலவே சுழன்றன, பேரிங் சத்தமும் இல்லை.

தாளில் உள்ள முன்சக்கர எண்கள்:
கேம்பர்: இடது மைனஸ் 20 நிமிடம், வலது மைனஸ் 25 நிமிடம்.
காஸ்டர்: இடது 3 டிகிரி 5 நிமிடம், வலது 3 டிகிரி 45 நிமிடம். அனுமதித்த அளவு 3 டிகிரி 25 நிமிடம், கூட்டல் கழித்தல் 45 நிமிடம் என்று போட்டிருக்கிறது.
டோ இரு பக்கமும் சமம். பின்சக்கர எண்களும் ஏறக்குறைய சமம்.

#15 அச்சாணி

கேம்பரில் 5 நிமிட வித்தியாசம், அதை விட்டுவிடலாம். காஸ்டரைப் பாருங்கள். அனுமதித்த எல்லை 2 டிகிரி 40 நிமிடத்திலிருந்து 4 டிகிரி 10 நிமிடம் வரை. இரண்டு சக்கரமும் எல்லைக்குள் இருப்பதால் இரண்டும் பச்சை. ஆனால் இரண்டுக்கும் நடுவே 40 நிமிட வித்தியாசம். 60 நிமிடம் ஒரு டிகிரி. அரை டிகிரியைத் தாண்டினாலே பல வண்டிகளில் ஓட்டுபவருக்குத் தெரியும். குறைவாக இருப்பது இடது, இழுப்பதும் இடது, பள்ளத்தில் இறங்கியதும் இடது.

மிஷின் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகத்தான் பச்சை, சிவப்பு என்று காட்டும். இடது வலது வித்தியாசத்துக்கென்று தனிக் கட்டம் சில மிஷின்களில் உண்டு, அதை யாரும் படிப்பதில்லை.

#16 நாலுசக்கரம்

அப்போ நான் சொன்னதுதானே! அலைன்மென்ட்!

#17 கிரீஸ்கை

பொறுங்க. மெதுஓட்டி சார் #4-ல சொன்னதைத் திரும்பப் படிங்க. பள்ளத்துல விழுகிறதுக்கு முன்னாடியே, புது டயர் போட்ட பிறகு லேசா இழுத்திருக்கு. காஸ்டர் மட்டும்தான் காரணம்னா அது எப்படி வந்துச்சு?

லோயர் ஆர்மைக் கழட்டுறதுக்கு முன்னாடி காசில்லாத ஒரு வேலை இருக்கு. முன்டயர் ரெண்டையும் இடம் மாத்துங்க, இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும். டயர் சுவர்ல சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்டிருந்தா இதைச் செய்யாதீங்க. உள்பக்கம், வெளிப்பக்கம்னு மட்டும் குறி இருந்தா தாராளமா மாத்தலாம், ரிம்மோடவே மாத்துறதால வெளிப்பக்கம் வெளியிலேயே இருக்கும். இழுப்பு அப்படியே இருந்தா டயர் காரணம் இல்ல. எதிர்ப்பக்கம் போச்சுன்னா டயர்தான்.

நட்டை நட்சத்திர வரிசையில, வண்டியின் கையேடு சொல்ற டார்க்ல (முடுக்குற விசை அளவுல) முடுக்குங்க. கொஞ்சம் ஓட்டின பிறகு இன்னொரு தடவை சரிபாருங்க.

#18 பின்சீட்

புது டயர் எப்படிங்க இழுக்கும்? வட்டம்னா வட்டம்தானே?

#19 கட்டைவண்டி

வட்டம்தான், ஆனால் உருளையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ரேடியல் டயருக்குள் எஃகுக் கம்பிப் பட்டை ஒன்று சுற்றியிருக்கும். தயாரிக்கும்போது அது நடுவிலிருந்து ஒரு பக்கம் கொஞ்சம் விலகிவிட்டால், காற்றும் பாரமும் ஏறிய டயரின் ஒரு தோள் மற்றதைவிடச் சற்றுச் சிறிய விட்டத்தில் உருளும். வாய் அகன்ற டம்ளரைத் தரையில் உருட்டிவிட்டுப் பாருங்கள், குறுகிய பக்கமாக வளைந்துதான் போகும். இதற்குக் கூம்புத்தன்மை என்று பெயர். கண்ணால் பார்த்தால் தெரியாது, சாதாரண பேலன்சிங் மிஷினும் காட்டாது. வீல் பேலன்சிங் பார்ப்பது எடை சமமாகப் பரவியிருக்கிறதா என்பதை மட்டும்தான். அது சரியில்லை என்றால் ஸ்டீயரிங் உதறும், இழுக்காது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பட்டை உள்ளே பிரிந்துகொண்டு வரும் டயரும் இழுக்கும், ஆனால் அதோடு ஒரு துடிப்போ தட்டலோ சேர்ந்து வரும், நாளுக்கு நாள் கூடும். டயரில் புடைப்பு தெரிந்தால் சோதனை ஒன்றும் வேண்டாம், கழற்றிவிட்டு ஸ்டெப்னியைப் போடுங்கள்.

#20 மெதுஓட்டி

அம்புக்குறி இல்லாத டயர்கள்தான். இடம் மாற்றி அதே தளத்தில், அதே கோட்டில் ஓட்டினேன். இப்போது வலப்பக்கம் போகிறது! ஆனால் முன்பு இடப்பக்கம் இழுத்த அளவுக்கு இல்லை, மிக லேசாக. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

#21 நாலுசக்கரம்

அப்போ டயர்தான். ரெண்டையும் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க, வேலை முடிஞ்சது.

#22 கட்டைவண்டி

முடியவில்லை தம்பி. கணக்குப் போட்டுப் பாருங்கள். டயர் மட்டும் குற்றவாளி என்றால், இடப்பக்கம் எவ்வளவு இழுத்ததோ அதே அளவு வலப்பக்கம் இழுத்திருக்க வேண்டும். டயர் நிரபராதி என்றால் இடப்பக்கமே இழுத்திருக்க வேண்டும். பலமான இடது, லேசான வலதாக மாறியிருக்கிறது. டயரின் இழுப்பு ஒன்று, வண்டியின் இழுப்பு ஒன்று. முதலில் இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்து இழுத்தன. மாற்றிய பிறகு எதிரெதிராக இழுக்கின்றன, டயர் கொஞ்சம் வெல்கிறது.

#23 அச்சாணி

அருமை ஐயா. இதை இப்படியே விட்டு ஓட்டுபவர்களும் உண்டு. சில கடைகளில் இழுப்பு நிற்கும்வரை டயர்களை மாற்றி மாற்றிப் போட்டு "சரியாப்போச்சு" என்று கையில் கொடுத்துவிடுவார்கள். இரண்டு கோளாறு ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு இருக்கும். அடுத்த முறை டயர் மாற்றும்போது திரும்ப வரும், அப்போது புது டயர் மேல் பழி விழும்.

மெதுஓட்டி, எந்த டயர் என்று பிரித்துவிடுங்கள். இப்போது வலது முன்பக்கம் இருப்பதைப் பின்னால் போட்டு, வலது பின்டயரை முன்னால் கொண்டுவாருங்கள். முன்னும் பின்னும் ஒரே அளவு டயர் என்றால் மட்டும். பின்சக்கரம் திரும்பாததால் கூம்பு டயர் அங்கே இருந்தால் அவ்வளவாக உணரமுடியாது. முன்னிருந்த இழுப்பு மாறவில்லை என்றால், மற்ற முன்டயரை இதேபோல் பாருங்கள்.

கூடவே ஒரு அளவும் எடுங்கள். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, இரு பக்கமும் முன்டயரின் பின்விளிம்புக்கும் சக்கர வளைவுக்கும் உள்ள இடைவெளியை நாடாவால் அளக்கவும். வளைவின் உலோக விளிம்பிலிருந்து அளக்கவும், பிளாஸ்டிக் உறை முன்பின் நகர்ந்திருக்கலாம்.

#24 இரவுப்பயணி

நடுவில் ஒரு சந்தேகம். உறவினரின் வண்டி முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் மட்டும் ஒரு பக்கம் போகிறது, காலை எடுத்தால் நேராகிவிடுகிறது. அதற்கும் இதே சோதனைதானா?

#25 கிரீஸ்கை

இல்ல. முன்சக்கர இயக்க வண்டிகள்ல, அதுவும் எஞ்சின் பலம் கூடினதுல, அது ஓரளவு பிறவிக் குணம். எஞ்சின் குறுக்கே உட்கார்ந்திருக்கிறதால சக்கரத்தைச் சுத்துற ரெண்டு டிரைவ் ஷாஃப்டும் ஒரே நீளமா இருக்கிறதில்ல, அது திரும்புற கோணமும் வேற வேற. அழுத்தி மிதிச்சா ஸ்டீயரிங்கைப் பிடிச்சு இழுக்கும். முன்னாடி இல்லாம இப்போ புதுசா வந்திருந்தா எஞ்சின் மவுண்ட், லோயர் ஆர்ம் புஷ் ரெண்டையும் பார்க்கச் சொல்லுங்க.

இன்னொரு வகையும் இருக்கு. கடைசியா எந்தப் பக்கம் திருப்பினோமோ அந்தப் பக்கமே போய்க்கிட்டிருக்கும், மறுபக்கம் திருப்பினா மறுபக்கம். ஸ்ட்ரட் மேல்மூடி பேரிங்கோ பால் ஜாயின்ட்டோ இறுகிப்போய், ஸ்டீயரிங் நடுவுக்கு வரமாட்டேங்குதுன்னு அர்த்தம். ஸ்பிரிங் முறுக்கிக்கிட்டு விடுற சத்தமும் சில நேரம் கேட்கும்.

#26 பின்சீட்

எங்க வண்டி கோட்டைத் தொட்டா தானா திருப்புது. அதையும் மெக்கானிக்கிட்ட காட்டணுமா?

#27 நெறியாளர்

அது தடம் காக்கும் உதவி, பழுது இல்லை. ஆனால் நல்ல நேரத்தில் நினைவுபடுத்தினீர்கள். இழுப்பைச் சோதிக்கும் முன் அந்த வசதியை அணைத்துவிட வேண்டும்.

#28 மெதுஓட்டி

டயரைப் பின்னால் போட்டாயிற்று. அதுவேதான் போலிருக்கிறது, வலப்பக்க இழுப்பு போய்விட்டது. இப்போது மறுபடி இடப்பக்கம், ஆனால் முதலில் இருந்ததில் பாதிகூட இல்லை. கட்டைவண்டி ஐயாவின் கணக்கு அப்படியே நிற்கிறது.

நாடா வைத்து அளந்ததில் இடதுசக்கரம் வலதைவிடப் பின்பக்கம் நெருங்கியிருக்கிறது. சில மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும். கண்ணால் பார்த்தபோது சமமாகத்தான் தெரிந்தது.

#29 அச்சாணி

பொருந்துகிறது. பள்ளத்தின் எதிர்விளிம்பு சக்கரத்தைப் பின்னோக்கி அடித்திருக்கிறது. லோயர் ஆர்ம் பின்னால் தள்ளப்பட்டால் அதன் நுனியில் உள்ள பால் ஜாயின்ட்டும் பின்னால் போகும். மேலே ஸ்ட்ரட் இருந்த இடத்திலேயே இருக்கும், அச்சின் சாய்வு குறையும், காஸ்டர் குறையும்.

எது நகர்ந்தது என்பதைத்தான் இனிப் பார்க்க வேண்டும். ஆர்ம் வளைந்திருக்கலாம், அதன் பின்புஷ் ரப்பர் கிழிந்திருக்கலாம், ஆர்ம் பூட்டியிருக்கும் சப்ஃபிரேமே நகர்ந்திருக்கலாம். லிஃப்டில் ஏற்றி, ஆர்மின் அடியில் பெயின்ட் உரிந்த இடம், புதுத் துரு, நெளிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். புஷ்ஷுக்குப் பக்கத்தில் நெம்புகோல் கொடுத்து அசைத்தால் கிழிசல் வாய் திறக்கும். சப்ஃபிரேம் நகர்ந்திருந்தால் போல்ட் தலையைச் சுற்றி பழைய அச்சு பளிச்சென்று தெரியும். அப்படி என்றால் பெரும்பாலும் கேம்பரும் ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்திருக்கும். உங்கள் தாளில் அப்படி இல்லாததால் ஆர்ம் அல்லது புஷ் என்றுதான் நினைக்கிறேன்.

எது மாற்றினாலும் இரண்டு விஷயம். புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் கடைசி முடுக்கு முடுக்கக் கூடாது. வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகே முடுக்க வேண்டும், இல்லையென்றால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். பிறகு அலைன்மென்ட் கட்டாயம், ஆர்ம் மாறினால் டோவும் மாறும். ஸ்டீயரிங் கோண சென்சார் உள்ள வண்டி என்றால் அதையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

#30 நாலுசக்கரம்

சரி, ஒத்துக்கிறேன், இது அலைன்மென்ட் கடையில தீர்ற விஷயம் இல்ல. ஆனா தாளைக் கேட்டு வாங்குங்கன்னு எல்லாருக்கும் சொல்லணும். எங்க கடையில திரையைத் திருப்பிக்கூடக் காட்ட மாட்டாங்க.

#31 மெதுஓட்டி

வேலை முடிந்தது. ஆர்மில் வளைவு, பின்புஷ்ஷில் கிழிசல் இரண்டும் இருந்தன. இடது லோயர் ஆர்மைப் புஷ், பால் ஜாயின்ட்டோடு சேர்த்து மாற்றினார்கள். வலதுபக்கப் புஷ் நன்றாக இருந்ததால் தொடவில்லை. அலைன்மென்ட் முடித்து, இந்த முறை கேட்காமலே தாள் கொடுத்தார்கள். காஸ்டர் இடது 3 டிகிரி 40 நிமிடம், வலது 3 டிகிரி 45 நிமிடம்.

காலித் தளத்தில் இரு திசையிலும் நேராகப் போகிறது. சாலையில் மிக லேசாக ஓரம் ஒதுங்குகிறது, அது சரிவு என்று இப்போது தெரிகிறது. ஸ்டீயரிங்கும் நடுவில் நிற்கிறது.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. பின்னால் போட்ட அந்தக் கூம்பு டயரை என்ன செய்வது? தடம் இன்னும் முழுதாக இருக்கிறது, தூக்கிப் போட மனம் வரவில்லை.

#32 கட்டைவண்டி

வாங்கிய இடத்தில் உத்தரவாதத்துக்குக் கேட்டுப் பாருங்கள். டயரை இடம் மாற்றியதும் இழுப்பும் இடம் மாறியது என்று சொல்லுங்கள், முடிந்தால் அவர்கள் ஆளையே வைத்து ஓட்டிக் காட்டுங்கள். தேய்மானம் கூடக்கூட அவர்கள் ஒப்புக்கொள்வது கடினமாகும், ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

#33 கிரீஸ்கை

அவங்க ஒத்துக்கலைன்னா பின்னாடியே ஓடட்டும், தப்பில்ல. உள் வெளி குறியும் அம்புக்குறியும் இல்லாத டயரா இருந்தா, ரிம்முல இருந்து கழட்டித் திருப்பி மாட்டினா இழுப்பு எதிர்ப்பக்கம் போகும். ஆனா இழுப்பு அடியோட நிக்காது, அதனால முன்னாடிக்கு அது வேண்டாம். சுவரோட உள்பக்கத்துல மெழுகுச் சாக்பீஸால ஒரு குறி போட்டு வைங்க, சர்வீஸ் புத்தகத்துலயும் எழுதிடுங்க. அடுத்த சர்வீஸ்ல டயர் ரொட்டேஷன்னு சொல்லி அதை முன்னாடி கொண்டுவந்துட்டாங்கன்னா, திரும்ப #1-ல இருந்து ஆரம்பிப்பீங்க.